திரும்பி வந்த ஒருவன்

வேதபாடம்: லூக்கா 17:11-19
சேர்த்து வாசிக்க: சங்கீதம் 103, லேவியராகமம் 7:11-15, 1 சாமுவேல் 7:2-12



நம்முடைய சபையில் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தன்று வாசல் பக்கத்து மேஜையில் ஒரு பெட்டி வைக்கிறோம். உங்கள் ஜெபக் குறிப்புகளைச் சீட்டில் எழுதி அதில் போடுகிறீர்கள். அந்தச் சீட்டுகளை நான் ஒரு நோட்டில் எழுதி வைத்து, சனிக்கிழமை இராத்திரி ஒவ்வொன்றாக வாசித்து ஜெபிப்பது வழக்கம். பையனுக்கு வேலை, மகளுக்கு வரன், கிட்னியில் கல், வாடகை பாக்கி, பட்டா பிரச்சனை, பிள்ளைக்குப் பரீட்சை, குடிக்கிற புருஷன் மனந்திரும்ப வேண்டும். வாசிக்க வாசிக்க மனசு பாரப்படும்.

சில நாளுக்கு முன்பு அந்த நோட்டைப் பின்பக்கமாகப் புரட்டினேன். ஒரு வருஷத்துக்கு முந்தின குறிப்புகள் வந்தன. படித்துக்கொண்டே போனபோது எனக்கு ஒன்று தெரிந்தது. கேட்டவற்றில் எத்தனையோ காரியங்கள் நடந்து முடிந்திருந்தன! வேலை கேட்ட பையன் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறான். பிள்ளை இல்லை என்று அழுத சகோதரியின் மடியில் இன்று குழந்தை இருக்கிறது. ஆனால் அந்தக் குறிப்புக்கும் அதே குடும்பம் எழுதின அடுத்த குறிப்புக்கும் நடுவில், "கர்த்தர் செய்தார், ஸ்தோத்திரம்" என்று ஒரு சீட்டு இல்லை. வேலை கிடைத்தது, அடுத்த சீட்டு சம்பள உயர்வுக்கு.

"என்ன ஜனங்கள் இது!" என்று எனக்குள் சலிப்பு வந்தது. அந்த நேரத்தில் பரிசுத்த ஆவியானவர் என் இருதயத்தில் மெதுவாய்க் கேட்டார்: "உன் சீட்டு எங்கே?"

பிரியமானவர்களே, எனக்குப் பதில் இல்லை. அதற்கு முந்தின வருஷம் என் மனைவிக்கு டைபாய்டு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். சபை முழுவதும் உபவாசித்து ஜெபித்தீர்கள். கர்த்தர் சுகத்தோடு வீட்டுக்கு அனுப்பினார். அவள் வீட்டுக்கு வந்த அடுத்த வாரம் எங்கள் தண்ணீர் மோட்டார் கெட்டுப்போனது. காலையிலிருந்து நான் சிடுசிடுத்துக்கொண்டே இருந்தேன். அவள் சுவரைப் பிடித்து மெல்ல நடந்து வந்து, "என்னங்க, போன வாரம் இதே நேரத்துக்கு நாம எங்க இருந்தோம்?" என்று கேட்டாள். அவ்வளவுதான். ஒரு வாரத்துக்குள் ஒரு உயிரைத் திரும்பப் பெற்ற சந்தோஷத்தை ஒரு மோட்டார் தின்றுவிட்டது! ஆகவே இந்தப் பாடம் முதலாவது எனக்கு, பிறகுதான் உங்களுக்கு.

1. ஒன்பது பேரின் தவறு என்ன?

சமாரியாவுக்கும் கலிலேயாவுக்கும் நடுவான வழியில், ஒரு கிராமத்துக்குள் நுழையும்போது, பத்து குஷ்டரோகிகள் இயேசுவைப் பார்த்துத் தூரத்தில் நின்றார்கள். அவர்கள் கிட்டே வரக் கூடாது. பாளயத்துக்குப் புறம்பே தனியாகக் குடியிருக்க வேண்டும், தீட்டு என்று தாங்களே சத்தமிட வேண்டும் என்பது பிரமாணம் (லேவி. 13:45,46). வீடு, மனைவி, பிள்ளைகள், ஆலயம் எல்லாவற்றையும் இழந்தவர்கள். யூதனும் சமாரியனும் ஒரே கூட்டமாய் நிற்கிறார்கள்; வியாதி அவர்களை ஒன்றாக்கிவிட்டது.

இயேசு அவர்கள்மேல் கை வைக்கவில்லை. ஆசாரியர்களிடம் போய்க் காண்பிக்கச் சொன்னார், அவ்வளவுதான். போகிற வழியிலேயே சுத்தமானார்கள். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஒன்பது பேர் கெட்டவர்கள் என்று வேதம் சொல்லவில்லை. அவர்களுக்கு விசுவாசம் இருந்தது. சுகம் தெரியுமுன்னே நடக்கத் தொடங்கினார்களே. கீழ்ப்படிதலும் இருந்தது, போகச் சொன்ன இடத்துக்குத்தான் போனார்கள். சுத்தமானவன் செய்ய வேண்டிய சடங்குகளும் சிறியவை அல்ல. லேவியராகமம் 14-ம் அதிகாரத்தின்படி இரண்டு குருவிகள், கேதுருக்கட்டை, சிவப்புநூல், ஈசோப்பு எல்லாம் வேண்டும். ஏழு நாள் தன் கூடாரத்துக்குப் புறம்பே தங்கி, எட்டாம் நாளில் பலி செலுத்த வேண்டும். அதற்குப் பிறகுதான் மனைவி பிள்ளைகளின் முகம். "சீக்கிரம் போகணும், நிறைய வேலை இருக்கு" என்று ஓடியிருப்பார்கள். நாமும் அப்படித்தானே ஓடுவோம்?

அப்படியானால் தவறு எங்கே? கிடைத்த நன்மையைப் பார்த்தார்கள். கொடுத்தவரைப் பார்க்கத் திரும்பவில்லை. ஆண்டவரை யாரும் பகைக்கவில்லை. அவசரம்தான் காரணம். நம்மில் அநேகருடைய நன்றிகெட்ட தனமும் பகையினால் வருவது அல்ல, அவசரத்தினால் வருவது.

திரும்பி வந்த ஒருவன் சமாரியன். தூரத்தில் நின்று இரக்கம் கேட்டபோது எப்படிச் சத்தமிட்டானோ, அப்படியே உரத்த சத்தமாய் தேவனை மகிமைப்படுத்தினான். கேட்கும்போது தெருவே கேட்கும்படி கத்தினோம். பெற்றுக்கொண்ட பிறகு முணுமுணுத்தால் போதுமா? பத்துப் பேரும் சரீர சுகம் பெற்றார்கள். ஆனால் இந்த ஒருவன் இயேசுவின் பாதத்தண்டையில் விழுந்து, அவர் வாயிலிருந்து இரட்சிப்பின் வார்த்தையைக் கேட்டு எழுந்து போனான். ஒன்பது பேருக்குக் கிடைத்தது நல்ல தோல்; இவனுக்குக் கிடைத்தது நல்ல ஆண்டவர். அல்லேலூயா!

2. மறதி எங்கிருந்து வருகிறது?

முதலாவது, வயிறு நிறைவதிலிருந்து வருகிறது. கானானுக்குள் நுழையும் முன்னே மோசே ஜனங்களை எச்சரித்தார். பசியின் நாட்களைக் குறித்து அல்ல, சாப்பிட்டுத் திருப்தியாகி, நல்ல வீடு கட்டி, ஆடுமாடும் வெள்ளியும் பொன்னும் பெருகுகிற நாட்களைக் குறித்து எச்சரித்தார் (உபா. 8:10-14). அப்போதுதான் இருதயம் மேட்டிமையாகி, "இதெல்லாம் என் கைபலத்தால் வந்தது" என்று சொல்லும் என்றார். ஓலைக் குடிசையில் முழங்கால்போட்டு அழுத சில குடும்பங்கள், மாடி வீட்டுக்குப் போன பிறகு குடும்ப ஜெபத்தை விட்டுவிட்டதை நாம் பார்த்திருக்கிறோம்.

இரண்டாவது, ஒப்பிட்டுப் பார்ப்பதிலிருந்து வருகிறது. இஸ்ரவேலருக்குக் கர்த்தர் நாற்பது வருஷம் மன்னா கொடுத்தார். அவர்களோ எகிப்தின் மீனையும் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் பூண்டையும் நினைத்து அழுதார்கள் (எண். 11:4-6). வெங்காயம் ஞாபகம் இருந்தது. செங்கல் சூளை மறந்துபோனது! சாட்டையடி மறந்துபோனது! இன்றைக்கு நம் கையில் செல்போன் இருக்கிறது. அடுத்தவர் வீட்டுக் கல்யாணம், கார், புதுமனை புகுவிழா எல்லாம் அதில் வருகிறது. அவர்கள் கண்ணீர் மட்டும் அதில் வருவதில்லை. அதைப் பார்த்துவிட்டு நம் வீட்டு மன்னாவைக் குறை சொல்லுகிறோம்.

மூன்றாவது, மேட்டிமையிலிருந்து வருகிறது. எசேக்கியா ராஜா நல்ல ராஜா. மரணத்துக்கேதுவாக வியாதிப்பட்டு ஜெபித்தபோது கர்த்தர் அவனுக்குப் பதினைந்து வருஷம் கூட்டிக்கொடுத்தார். ஆனாலும் தனக்குச் செய்யப்பட்ட உபகாரத்துக்குத் தக்கதாய் அவன் நடக்கவில்லை, மனமேட்டிமையானான் என்று 2 நாளாகமம் 32:25-ல் வாசிக்கிறோம். பிறகு தன்னைத் தாழ்த்தினான் என்பது நமக்கு ஆறுதல். பெரிய அற்புதத்தைப் பெற்ற மனுஷனும் அதற்குத் தக்கபடி நடக்கத் தவறக்கூடும்.

நன்றியில்லாமை சின்னக் குற்றம் என்று நினைக்காதிருங்கள். தேவனை அறிந்தும் அவருக்கு நன்றி செலுத்தாததிலிருந்து மனுஷனுடைய இருதயம் இருளடைந்தது என்று பவுல் ரோமர் முதலாம் அதிகாரத்தில் காட்டுகிறார் (ரோமர் 1:21). கடைசி நாட்களின் அடையாளங்களை அவர் தீமோத்தேயுவுக்கு எழுதும்போதும் இதைச் சேர்த்தே எழுதுகிறார் (2 தீமோ. 3:2). பூமியதிர்ச்சியிலும் யுத்தத்திலும் மட்டும் கடைசி கால அடையாளத்தைத் தேடாதிருங்கள். நம் சாப்பாட்டு மேஜையிலும் அது தெரிகிறது.

3. துக்கத்திலும் ஸ்தோத்திரமா?

இந்தக் கேள்விக்கு வருமுன் நான் ஒன்றை அறிக்கையிட வேண்டும். பல வருஷங்களுக்கு முன் ஒரு சகோதரியின் வாலிப மகன் சாலை விபத்தில் மரித்துப்போனான். துக்க வீட்டில் அந்தத் தாய் கதறியபோது, "எல்லாவற்றிலும் ஸ்தோத்திரம் சொல்லும்மா" என்றேன். அவர்கள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே எழுந்து போனார்கள். அதன் பிறகு பல மாதம் சபைக்கு வரவில்லை.

ஒரு நாள் அவர்களே வந்தார்கள். "பாஸ்டரய்யா, என் பிள்ளை செத்ததுக்கு என்னால ஸ்தோத்திரம் சொல்ல முடியல. பொய் சொல்ல எனக்குத் தெரியாது. ஆனா இருபத்திரண்டு வருஷம் அவனை என் கையில குடுத்து வச்சிருந்தாரே, அதுக்குச் சொல்ல முடியும். அதச் சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்" என்றார்கள். நான் பிரசங்கித்துக் கற்றுக்கொள்ளாததை அந்த அம்மா அழுது கற்றுக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டேன்.

1 தெசலோனிக்கேயர் 5:18-ல் பவுல் எந்தச் சூழ்நிலையிலும் நன்றி செலுத்தச் சொல்கிறார். தீமையை நன்மை என்று அழைக்கச் சொல்லவில்லை. எபேசியர் 5:20-ல் எல்லாவற்றுக்காகவும் என்று எழுதும்போதோ, இயேசுவின் நாமத்தினாலே செய்யச் சொல்கிறார். அக்கிரமத்தையும் பாவத்தையும் அவருடைய நாமத்தில் யார் புகழ முடியும்? லாசருவின் கல்லறையைப் பாருங்கள். அங்கே இயேசு கண்ணீர் விட்டார் (யோவான் 11:35). அதே இடத்தில், மரித்தவன் வெளியே வருமுன்னே, பிதாவுக்கு நன்றியும் செலுத்தினார் (11:41). அழுதபடியால் நன்றி குறையவில்லை. நன்றி சொன்னபடியால் கண்ணீர் பாவமாகவில்லை. ஆகவே துக்கப்படுகிறவர்களை ஸ்தோத்திரம் சொல்லும்படி அவசரப்படுத்தாதிருங்கள். அவர்களோடு முதலில் அழுங்கள். கர்த்தர் ஏற்ற வேளையில் அவர்கள் வாயைத் திறப்பார்.

ஜெர்மனி தேசத்தில் ஐலன்பர்க் என்ற பட்டணத்தில் மார்ட்டின் ரிங்கார்ட் என்ற போதகர் இருந்தார். 1618 முதல் 1648 வரை அங்கே முப்பது வருஷ யுத்தம் நடந்தது. மதில் உள்ள பட்டணமானபடியால் அகதிகள் வந்து குவிந்தார்கள். பஞ்சமும் கொள்ளைநோயும் கூடவே வந்தன. 1637-ல் மாத்திரம் அவர் 4000-க்கும் மேற்பட்டவர்களை அடக்கம் செய்ததாகச் சொல்லப்படுகிறது. அவருடைய மனைவியும் அந்த வருஷத்திலேயே மரித்தார்கள். அந்த யுத்த காலத்தில்தான், குடும்பமாய்ச் சாப்பாட்டு வேளையில் தேவனுக்கு நன்றி செலுத்தும்படி அவர் எழுதின பாட்டு பிறந்தது. இன்றும் உலகமெங்கும் சபைகளில் அது பாடப்படுகிறது. மேஜையில் அப்பம் குறைவாயிருந்த காலத்தில் எழுதப்பட்ட நன்றி அது!

நமக்குக் கிட்டின உதாரணமும் உண்டு. திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் அநேக பிள்ளைகளுக்குத் தாயாய் இருந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-ல் கீழே விழுந்து காயப்பட்டார்கள். 1951-ல் மரிக்கும்வரை பெரும்பாலும் தன் அறையை விட்டு வெளியே வர முடியவில்லை. அந்த அறையிலிருந்தே புத்தகங்களை எழுதி, வேதனைப்படுகிற அநேகரைத் தேற்றினார்கள். சுகம் கிடைத்தால்தான் சாட்சி என்று நினைக்கிற நமக்கு இது ஒரு பாடம்.

எல்லாருக்கும் மேலாக நம்முடைய ஆண்டவரைப் பாருங்கள். காட்டிக்கொடுக்கப்பட்ட அந்த இராத்திரியிலேயே அவர் அப்பத்தை எடுத்து, ஸ்தோத்திரம் பண்ணி, பிட்டார் (1 கொரி. 11:23,24). பிட்கப்படப்போகிறது தம்முடைய சரீரம் என்று அறிந்தே நன்றி செலுத்தினார். திருவிருந்தில் கை நீட்டும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வோம்.

4. அன்றைக்கே சாப்பிட வேண்டிய பலி

லேவியராகமம் 7-ம் அதிகாரத்தில் ஒரு சின்னச் சட்டம் இருக்கிறது. வாசித்துவிட்டுத் தாண்டிப் போய்விடுகிறோம். பொருத்தனைப் பலியின் மாம்சத்தை மறுநாளும் சாப்பிடலாம். ஆனால் ஸ்தோத்திர பலியின் மாம்சத்தைச் செலுத்தின அன்றைக்கே சாப்பிட வேண்டும். விடியற்காலம்வரை கொஞ்சமும் மீதி வைக்கக் கூடாது (7:15,16). அதோடு அதிரசங்கள், அடைகள், புளித்த மாவினால் செய்த அப்பங்கள் எல்லாம் உண்டு.

யோசித்துப் பாருங்கள். ஒரு முழு ஆட்டையோ மாட்டையோ ஒரு குடும்பம் ஒரே நாளில் சாப்பிட்டு முடிக்க முடியுமா? முடியாது. என்ன செய்வான்? அக்கம்பக்கத்தாரைக் கூப்பிடுவான், சொந்தபந்தத்தைக் கூப்பிடுவான், ஏழையைக் கூப்பிடுவான். வந்தவர்கள், "என்ன விசேஷம்?" என்று கேட்பார்கள். அவன் கர்த்தர் செய்த நன்மையைச் சொல்லுவான். இதிலிருந்து இரண்டு காரியங்களைக் கற்றுக்கொள்ளுகிறேன். நன்றியைத் தள்ளிப்போடக் கூடாது. நன்றியைத் தனியாகச் சாப்பிடவும் கூடாது.

ஆகையால் சாட்சி நேரத்தில் எழுந்து நிற்கத் தயங்காதிருங்கள். நீளமாய்ச் சொல்ல வேண்டியதில்லை. "கேட்டேன், கொடுத்தார்" என்றாலும் போதும். உங்கள் சாட்சியைக் கேட்டு, பின்வரிசையில் மனம் உடைந்து உட்கார்ந்திருக்கிற ஒருவர் இன்னும் ஒரு வாரம் காத்திருக்கப் பெலன் பெறுவார்.

வாயினால் மாத்திரம் அல்ல, கையினாலும் நன்றி சொல்லுங்கள். உங்கள் மகனுக்கு ஃபீஸ் கட்ட ஆண்டவர் வழி திறந்தாரா? ஃபீஸ் கட்ட முடியாத ஒரு பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். ஸ்தோத்திரத்தின் கனியைப் பற்றிச் சொல்லுகிற எபிரெயர் 13:15-க்கு அடுத்த வசனத்தைப் படித்துப் பாருங்கள். நன்மை செய்வதும் தானதர்மமும் அங்கேயே வருகிறது.

மனுஷருக்கும் நன்றி சொல்லுங்கள். ஆயிரம் ஸ்தோத்திரம் சொல்லி முடித்துவிட்டு, "காபியில சர்க்கரை இல்ல" என்று மனைவியிடம் எரிந்து விழுகிறோமே, அந்த ஸ்தோத்திரம் எங்கே போனது? பவுல் தன் நிருபங்களில் எத்தனை பேருடைய பெயரைச் சொல்லி நன்றி கூறுகிறார்! பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் தன் பிராணனுக்காகத் தங்கள் கழுத்தைக் கொடுத்தவர்கள் என்று எழுதி வைத்தார் (ரோமர் 16:3,4). சமைத்துப் போடுகிறவர்கள், சபையைப் பெருக்குகிறவர்கள், ஆஸ்பத்திரியில் கூட உட்கார்ந்திருந்தவர்கள், இவர்களுடைய பெயர் நம் வாயில் வருகிறதா?

5. கல்லை நாட்டுங்கள்

சாமுவேல் மிஸ்பாவுக்கும் சேணுக்கும் நடுவே ஒரு கல்லை நிறுத்தி, எபெனேசர் என்று பேரிட்டார். "உதவியின் கல்" என்று அர்த்தம். அந்தப் பெயரை எத்தனையோ வீட்டு வாசலில் எழுதியிருக்கிறோம். ஆனால் 1 சாமுவேல் 4-ம் அதிகாரத்தைத் திருப்பிப் பாருங்கள். அங்கேயும் எபெனேசர் என்ற பெயர் வருகிறது. அங்கே பாளயமிறங்கின இஸ்ரவேலர் தோற்றுப்போனார்கள், பெட்டியும் பிடிபட்டது, ஏலியின் இரண்டு குமாரரும் செத்தார்கள். பெட்டி திரும்பி வந்த பிறகும் இருபது வருஷம் அழுது புலம்பினார்கள் (7:2). அதற்குப் பிறகு வந்த ஜெயத்தில்தான் சாமுவேல் அந்தக் கல்லை நாட்டினார். தோல்வியின் கதையில் கேட்ட அதே பெயர் இப்போது உதவியின் பெயராய் நிற்கிறது! உங்கள் வாழ்க்கையிலும் நினைக்கவே கூசுகிற ஒரு பெயர், ஒரு ஊர், ஒரு வருஷம் இருக்கலாம். கர்த்தர் அங்கேயும் ஒரு கல்லை நிறுத்த வல்லவர்.

கல் எதற்கு? மனசு மறக்கும், கல் மறக்காது. தாவீதே தன் ஆத்துமாவை அதட்டி, அவருடைய உபகாரங்களை மறக்காதே என்று 103-ம் சங்கீதத்தில் சொல்ல வேண்டியிருந்தது. மறுபடி எண்ணியும் காட்டுகிறார்: மன்னிப்பு, சுகம், அழிவுக்கு விலக்கிய மீட்பு, கிருபையாகிய முடி, நன்மையினால் வருகிற திருப்தி. பட்டியலில் மன்னிப்புதான் முதலில் நிற்கிறது. நாம் எண்ணினால் வீடும் வண்டியும்தான் முதலில் வரும். வீடும் வண்டியும் இல்லாத விசுவாசிக்கும் ஸ்தோத்திரம் சொல்ல முதல் காரணம் குறையாமல் இருக்கிறது. சிலுவையின் இரத்தம் அவனுக்கும் உண்டு.

இந்த வாரம் செய்யுங்கள்

ஒரு நோட்டு வாங்குங்கள். இடது பக்கத்தில் ஜெபக் குறிப்பையும் தேதியையும் எழுதுங்கள். வலது பக்கத்தைக் காலியாய் விடுங்கள். கர்த்தர் செய்யும்போது அதில் தேதியோடு எழுதுங்கள்.

சாப்பாட்டு ஜெபத்தை மனப்பாடமாய் ஓட்டாமல், அன்றைக்கு நடந்த ஒரு காரியத்தைச் சொல்லி நன்றி செலுத்துங்கள். பிள்ளைகளையும் சொல்ல வையுங்கள்.

இதுவரை நீங்கள் நன்றி சொல்லாத ஒரு மனுஷரை இந்த வாரம் நேரில் போய்ப் பாருங்கள்.

வரும் வெள்ளிக்கிழமை பெட்டியில் இரண்டு சீட்டு போடுங்கள். ஒன்று விண்ணப்பத்துக்கு, ஒன்று ஸ்தோத்திரத்துக்கு. என்னுடைய ஸ்தோத்திரச் சீட்டையும் போடுவேன். "ஆண்டவரே, என் மனைவியை எனக்குத் திரும்பக் கொடுத்தீர். ஒரு வருஷத்துக்கு மேல் தாமதமாய் வந்திருக்கிறேன், மன்னியும்" என்று எழுதி வைத்திருக்கிறேன்.

அவருடைய பாதத்துக்குத் திரும்பி வருகிற வழி இன்னும் அடைபடவில்லை, பிரியமானவர்களே. வாருங்கள்.

ஜெபம்: அன்பின் பரலோகப் பிதாவே, நாங்கள் கேட்டதையும் கேட்க அறியாததையும் கொடுத்தீர். பெற்றுக்கொண்டு ஓடிப்போனதை மன்னியும். அழுகிற எங்கள் சகோதரரோடு அழ எங்களுக்கு இருதயம் தாரும். உமது ஆவியினால் எங்களை நிரப்பி, எங்கள் வீட்டிலும் வேலையிலும் சபையிலும் நன்றியுள்ள ஜனமாய் எங்களை நடத்தும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், நல்ல பிதாவே. ஆமென்.